ஆறு பேர் தள்ளினால் ஓடும் வண்டி

அந்தக் காரை விற்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. காரில் குறை இருந்தது, அது வேறு. நாலு மாதம் இழுத்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டுக்காரன். யார் கார் பார்க்க வந்தாலும் அவன் தன் வாசற்படியில் வந்து குந்திக்கொள்வான். வாயைத் திறக்க வேண்டும் என்றில்லை, குந்தியிருந்தாலே போதும், எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். அவனைக் கண்டால் எனக்கு ஆகாது. அவனுக்கும் என்னைக் கண்டால் ஆகாது. இரண்டில் அவன் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்ததனால்தான் அவ்வளவு ஆத்திரம்.

எழுபதுகளின் கடைசி. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில், இன்ஜின் ரூமில் எனக்கு வேலை. ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள் கொண்ட லயத்தில் ஐந்தாவது வீடு என்னுடையது, ஆறாவது அவனுடையது. எட்டு வீட்டிலும் கார் வைத்திருந்தவன் நான் ஒருத்தன். ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடமே அப்போது மோட்டார் சைக்கிள்தான். கொஞ்சம் திமிராகத்தான் திரிந்தேன்; இல்லை என்று இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பழைய ஜெர்மன் டீசல் வண்டி, ஈப்போவில் டாக்சியாக ஓடி ஓய்ந்தது. மீட்டர் ஒரு முழுச் சுற்றை முடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பியிருந்தது. நான் போனபோது முப்பதாயிரம் மைல் காட்டியது. விற்றவன் அதைத் தொட்டுக் காட்டி, இன்னும் பால்பல்கூட விழவில்லை என்றான். இன்ஜினோடு பிழைக்கிற நானும் அதை நம்பி வாங்கினேன். ஈப்போ வெயிலில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்ட இன்ஜின், மலைக்கு வந்த மறுநாள் காலைக் குளிரில் அசையாமல் கிடந்தது. டீசல் இன்ஜினுக்குக் காலையில் உள்ளே சூடு வேண்டும். சூடேற்றுகிற பிளக் நாலையும் புதிதாகப் போட்டுப் பார்த்தேன். மசியவில்லை. தேய்ந்துபோன இன்ஜினுக்குப் புது பிளக் போடுவது பொக்கை வாய்க்கு முறுக்கு வாங்கிக் கொடுக்கிற கதைதான். இறக்கத்தில் உருட்டிவிட்டு கியரில் போட்டால் மட்டும் நாலு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும்.

லயத்துக்கு முன்னால் நூறு அடிக்குச் சமதரை. அதைத் தாண்டினால் ரோடு இறக்கம். இறக்கத்தின் தலைப்பிலேயே நிறுத்திவைத்தால் தள்ள வேண்டாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக் பிடிக்காது, அதனால் டயருக்கு அடியில் கல் வைத்திருந்தேன். ஒரு மழையில் கல் நழுவி, கார் தானாக இறங்கிப் போய்ப் பதினெட்டுத் தேயிலைச் செடிகளை மிதித்துவிட்டு நின்றது. தோட்டத்து மேனேஜர் துரை நேரில் வந்து எண்ணிப் பார்த்தார். இனிமேல் அந்தச் சமதரையைத் தவிர வேறு எங்கே நிறுத்தினாலும் காரும் இருக்காது, வேலையும் இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். சமதரையில் கார் நிற்க இடமிருந்தது என் வாசலுக்கும் பக்கத்து வீட்டு வாசலுக்கும் நேர் எதிரில்தான்.

ஆகவே காலை ஆறு மணிக்கு ஆறு பேர் தள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் கவர்மென்ட் ஆபீசுக்கும் போகிறவர்களைத் தானா ராத்தா டவுனில் இறக்கிவிட்டு வந்து நான் வேலைக்கு ஏறுவேன். லைசென்ஸ் இல்லாத டாக்சி. தோட்டத்துக்கு வேறு கதி இல்லாததால் யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. காலையில் பேர் கொடுத்து வேலை வாங்கிக்கொள்கிற பெரட்டுக் களத்துக்குப் போகும் வழியில், லயத்து ஆண்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளுவார்கள். அதற்குக் கூலி கிடையாது. வாரமெல்லாம் தள்ளியவனுக்கு ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போக வர இலவசம். அதைவிடப் பெரிய பாத்தியதை ஒன்றும் இருந்தது. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். தள்ளியவன் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்த நேரமானாலும் கார் வர வேண்டும். அதை நம்பித்தான் குளிரில் வந்து தோள் கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரன் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், கை இரும்பு. தள்ளுகிறவர்களில் முதல் ஆள் அவன். இன்னொரு வேலையும் அவனுடையதாக இருந்தது. இறக்கத்தில் போகும்போது ரெண்டாம் கியர் தானாக நழுவி வெளியே வந்துவிடும். வந்தால் வண்டி கட்டுக்கு அடங்காமல் பாயும். அதனால் முன் சீட்டில் ஒருத்தன் உட்கார்ந்து கியர்க் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். மூன்று வருஷம் அந்தக் கம்பியைப் பிடித்தது அவன் கைதான். இறக்கம் முடிந்ததும் இறங்கிப் பெரட்டுக்குப் போய்விடுவான். நான் கிளட்சை மிதித்தால் அவன் கையை எடுப்பான், விட்டால் வைப்பான். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அண்ணே அண்ணே என்று அவன் கூப்பிட்டது வெறும் மரியாதைக்காக இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவன் மனைவிக்கு அது தலைப்பிரசவம். நாள் நெருங்கியதும் அவன் என்னிடம் வந்து, இந்த வாரம் எங்கும் வாடகைக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அதைச் சொல்லவும் வேண்டுமா என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கம்போங் ராஜாவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோக ஒரு கார் வேண்டும், முன்பே சொல்லிவைத்த கார் கெட்டுவிட்டது, நல்ல வாடகை தருகிறோம் என்று சனிக்கிழமை ஆள் வந்தது. காலை வேலை, பத்தரைக்கு முடிந்துவிடும் என்றார்கள். சரி என்றேன். ஞாயிறு காலை பக்கத்து வீட்டுக்காரனிடம் தானா ராத்தாவில் டீசல் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொன்னேன். கியர் பிடிக்க நானும் வரவா என்று கேட்டான். வேண்டாம், வீட்டோடு இரு என்றேன். என் காரைத் தள்ளிவிட்டதே அவன்தான்.

பத்தரைக்கு வேலை முடிந்தது. உடனே கிளம்பியிருந்தால் பதினொன்றேகாலுக்கு வீட்டு வாசலில் நின்றிருப்பேன். பந்தி போடுகிறார்கள், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். முதல் பந்தியில் இடமில்லை. ரெண்டாம் பந்திக்குக் காத்திருந்தேன். தலைப்பிரசவம் அவ்வளவு சீக்கிரம் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வடை, பாயசம், ரெண்டு தரம் ரசம். சாப்பிட்டுவிட்டு வெற்றிலையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அவளுக்குப் பதினொன்றுக்கு வலி எடுத்திருக்கிறது. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். தோட்டத்து லாரி வேறு டிவிஷனுக்குப் போயிருந்ததைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. லாரியில் மெத்தையைப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள். பாதி வழியில் குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அது அழவில்லை.

நான் ரெண்டரைக்கு வந்து சேர்ந்தேன். காரின் மூக்கில் கல்யாண மாலை அப்படியே இருந்தது. கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. லயத்து வாசலில் நின்றவர்கள் மாலையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். கல்யாண வீட்டார் என்னை விடவில்லை, சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன். என் மனைவியிடமும் அதையே சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு சாவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வழக்கமாகத் தள்ளுகிறவர்கள் கவ்வாத்துக் கத்தியும் சோற்றுத் தூக்கும் கையுமாக வெளியே வந்தார்கள். கண்ணாடிக்கு ஒரு முழத்தில் என்னைத் தாண்டிப் பெரட்டுக்குப் போனார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்த மாதிரித் தெரியவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், சண்டை போட்டிருந்தால் ரெண்டு அடி கொடுத்து ரெண்டு அடி வாங்கித் தீர்ந்திருக்கும். அவர்கள் எனக்கு அந்தச் சௌகரியத்தைத் தரவில்லை. செவ்வாய், புதன், வியாழன், எல்லா நாளும் அதே கதைதான். கார் அங்கேயே நின்றது. துரைக்குப் பயந்து வேறு எங்கும் நகர்த்த முடியாது, நகர்த்தலாம் என்றாலும் தள்ள ஆள் இல்லை.

மூன்றாவது வாரம் என் மனைவி சொன்னாள். அவளும் அந்தப் பெண்ணும் ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள்.

"வித்துடுங்க. அவ காலைல கதவத் தொறந்தா மொதல்ல இதுதான் கண்ணுல படுது. மூஞ்சியக் கழுவ வர்றதுக்கு முன்னாடியே இதப் பாக்கணும். நான் என்னன்னு சமாதானம் சொல்றது?"

விற்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவாயிற்று. காசுக்காக இல்லை. காரை அந்த வாசலிலிருந்து அப்புறப்படுத்தினால் அந்த ஞாயிற்றுக்கிழமையையும் அப்புறப்படுத்திவிடலாம் என்று நினைத்தேன்.

என் மச்சான் கம்போங் ராஜாவில் ஒரு பட்டறையில் மெக்கானிக். பழைய வண்டியை விற்பதில் உள்ள திருட்டுத்தனம் முழுவதும் அவனுக்கு அத்துப்படி. கியர் பாக்ஸில் மரத்தூள் போட்டால் சத்தம் அடங்கும், கெட்டி ஆயில் ஊற்றினால் புகை குறையும், மீட்டரை இன்னும் கொஞ்சம் இளமையாக்கலாம் என்றான். அதெல்லாம் வேண்டாம், காலையில் பிடிக்காததை மட்டும் மறைத்துவிடு போதும் என்றேன். கோலா தெர்லாவிலிருந்து ஒரு சீனத் தோட்டக்காரர், காய்கறி பயிரிடுகிறவர், ஞாயிறு மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். மச்சான் பதினொரு மணிக்கே வந்து ரேடியேட்டரில் கொதிநீர் ஊற்றினான். எண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்தி, இன்ஜின் காற்று இழுக்கிற குழாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னான். கறுப்பும் வெள்ளையுமாகப் புகை கக்கிக்கொண்டு பிடித்துவிட்டது. அரை மணி ஓடவிட்டு நிறுத்தினோம்.

தோட்டக்காரர் வந்தார். நான் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்தது. அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரன் படியிலிருந்து எழுந்து வந்தான். மூன்று வாரமாக அவன் குரலை நான் கேட்கவில்லை. என்னைப் பார்க்காமல் அவரிடம் மலாயில், பானட்டைத் தொட்டுப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்க் குந்திக்கொண்டான். அவர் தொட்டார், கையை வெடுக்கென்று எடுத்தார். ஓடாமல் நின்ற வண்டியின் பானட் ஏன் சுடுகிறது என்று கேட்டார். வெயில் என்றேன். கேமரன் மலையில், பனி மூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு வெயில் என்று சொன்னவன் நானாகத்தான் இருப்பேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாடா வெளியே என்று கத்தத்தான் நினைத்தேன். அவன் வெளியேதான் இருந்தான். அன்று மாலை உட்கார்ந்து யோசித்ததில் ஒரு வழி தோன்றியது. இவன் ஒவ்வொரு குறையாக எடுத்துக் கொடுத்து என்னை அவமானப்படுத்தப் போகிறான். அதற்கு இடம் கொடுக்காமல் நானே எல்லாக் குறையையும் முதலில் சொல்லிவிட்டால்? அப்போது வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருக்கட்டும். என்னை அரிச்சந்திரன் ஆக்கியது நல்ல குணம் இல்லை, வஞ்சம்தான்.

தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றில் பெயின்டால் எழுதி, காரின் முன் கண்ணாடியில் சாத்தி வைத்தேன். கார் விற்பனைக்கு. குறைகள்: காலையில் பிடிக்காது, ஆறு பேர் தள்ள வேண்டும். ஹேண்ட்பிரேக் இல்லை. ரெண்டாம் கியர் நழுவும். மீட்டர் ஒரு சுற்று முடித்தது. மேட்டில் கறும்புகை. பின் சீட்டுக்கு அடியில் தகரம் இற்றுவிட்டது, ரோடு தெரியும். இடது பின் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். வைப்பர் ஒன்றுதான். மழையில் டிக்கியில் தண்ணீர். மொத்தம் ஒன்பது. எழுதி முடித்துவிட்டு அவன் வாசலைப் பார்த்தேன். நீ இனிமேல் என்னடா செய்வாய் என்று.

அடுத்து வந்தவர் தானா ராத்தாவிலிருந்து ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். பலகையைப் படித்தார், நானும் ஒவ்வொன்றையும் கையால் காட்டிக் காட்டி விளக்கினேன். அவன் படியிலிருந்தபடியே, மூணாம் கியரும் சில நேரம் நழுவும் என்றான். எனக்கு அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மூன்று வருஷம் அவன் கை அதன் மேல் இருந்ததால் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அது பொய் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அவன் பொய் சொல்கிறவன் இல்லை. பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து, ரெண்டாம் கியர் என்பதற்குப் பக்கத்தில் மூணாம் கியர் என்றும் சேர்த்தேன். ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஏம்பா, சொன்னதே இவ்வளவுன்னா சொல்லாதது எவ்வளவு இருக்கும்?" என்றார்.

ஒன்றும் இல்லை என்றேன். பின்னே ஏன் விற்கிறாய் என்று கேட்டார். பெரிய வண்டி வாங்கப்போகிறேன் என்றேன். பக்கத்து வீட்டுக்காரன் காறித் துப்பினான். ஹெட்மாஸ்டர் போய்விட்டார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் பலகையில் ஒன்பதுக்குக் கீழே பத்தாவதாக ஒரு வரி. கரித்துண்டால், பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில் எழுதியிருந்தது: சொன்ன சொல்லுக்கு நிக்காது. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரியாது. அவன் மனைவி தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். ஈரத் துணியால் துடைத்தேன். மறுநாளும் இருந்தது. துடைத்தேன். இன்ஜின் ரூமில் ஃபேன் பெல்ட் ஓடுகிற சத்தத்தில்கூட எனக்கு அந்த வரிதான் கேட்டது. இப்படி எத்தனை நாள் அவள் எழுதினாள், எத்தனை நாள் நான் துடைத்தேன் என்று கணக்கில்லை. கடைசியில் எனக்குத்தான் கை ஓய்ந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கு நடுவில் என் மனைவி ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். மலையில் கொழுந்து பறிக்கிறபோதெல்லாம் அந்தப் பெண்ணின் வரிசைக்குப் பக்கத்து வரிசையில் நின்றுகொண்டு, அவர் வேண்டுமென்று செய்யவில்லை, கல்யாண வீட்டுக்காரர்கள்தான் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், அவர் அங்கே தவித்துப் போய்விட்டார் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் பதில் பேசியதே இல்லையாம். ஒரு நாள் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது என் மனைவி இதை என்னிடம் சொன்னாள். நிஜத்தைச் சொல்ல அதுவே நல்ல நேரம். குழம்பில் உப்பு அதிகம் என்று மட்டும் சொன்னேன்.

நாலாவது மாதம் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் ஒருவர் ஆள் அனுப்பினார். தாப்பாவுக்கு இறங்கிச் சரக்கு ஏற்றி வர அவருக்கு ஒரு வண்டி வேண்டும். நான் பதில் சொல்லி அனுப்பினேன்: வந்தால் காலை ஆறு மணிக்கு வர வேண்டும், தள்ள ஆள் கூட்டிக்கொண்டு வர வேண்டும். எவன் எதைச் சொல்லித் தடுத்தாலும் அதை முதலில் சொன்னவன் நானாக இருக்க வேண்டும் என்ற வெறி எனக்கு இன்னும் தணியவில்லை. அவர் தெரிந்தவர் வேன் ஒன்றில் கடை ஆட்கள் ஐந்து பேரோடு சொன்ன நேரத்துக்கு வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்காரர், சாந்தமான ஆள், குளிருக்கு மப்ளர் சுற்றியிருந்தார்.

கடை ஆட்களும் நானுமாகத் தள்ளினோம். பக்கத்து வீட்டுக்காரன் படியில் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்தான். வேனோட்டி ஸ்டியரிங்கில் இருந்தான். இறக்கத்தில் நாலு தரம் இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. பாய் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, லயத்து முன்னாலேயே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்கினார். தன் கடை மேட்டில் இருக்கிறது, உருட்டிவிட்டால் போதும், ஆள் வேண்டியதில்லை என்றார். பிரேக்கும் கியரும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பேசிய விலையில் ஐம்பது வெள்ளி குறைக்கச் சொன்னார், குறைத்தேன். பணத்தைக் கொடுத்தார், நான் காரின் ரெஜிஸ்ட்ரேஷன் கார்டைக் கொடுத்தேன். நாலு மாதத்துத் தலைவலி அரை மணியில் முடிந்துவிட்டது என்று நெஞ்சு லேசாயிற்று.

கண்ணாடியில் சாத்தியிருந்த பலகையை எடுத்து என்னிடம் நீட்டியவர், விடிகிற வெளிச்சத்தில் அதை மறுபடி ஒரு தரம் படித்தார்.

"ஒம்பதும் சரி தம்பி. பத்தாவது ஒண்ணு இருக்கே. சொன்ன சொல்லுக்கு நிக்காதுன்னு. இது வண்டில எந்த எடத்துல உள்ள கொறை?"

வேறு எதையாவது கேட்டிருக்கலாம். லயத்து ஆட்கள் பெரட்டுக்குக் கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் நின்றுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தலையைத் தூக்கினான். அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது. முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு அவன் மனைவி நின்றாள். நாலு மாதத்தில் நான் அவளை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சின்னப் பெண் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

"அது ஒண்ணும் இல்ல பாய்," என்றேன். "ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்குப் போனேன். இங்க ஒரு அவசரம், நேரத்துக்குத் திரும்பி வர முடியல. அவங்க விடல."

பாய் தலையசைத்தார். அவருக்கு அது போதும். நான் பலகையை வாங்கக் கையை நீட்டினேன்.

"கல்யாண வீட்டுல சாப்டீங்களா அண்ணே?"

அவள்தான் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. வெளியூர் போய் வந்த யாரையும் யாரும் கேட்கிற கேள்வி. இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாலு மாதம் சொன்ன பொய்யோடு இன்னொரு சின்னப் பொய். வாயில் அது வந்தும்விட்டது. ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் தவித்துப்போன மனுஷன் ரெண்டாம் பந்திக்குக் காத்திருந்து பாயசம் குடிப்பானா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அது அங்கே நின்றது. எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. குழந்தையைப் பறிகொடுத்தவள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. இதைவிடக் கேவலமாக நான் எதையும் உணர்ந்ததில்லை.

"சாப்டேன்," என்றேன்.

"அதான் கேட்டேன்," என்றாள். கூடையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டு படி இறங்கினாள்.

பாய் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பலகையை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். கார் போகிற சத்தம் இறக்கம் முழுவதும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரன் எழுந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டான். அடிக்க வருவான் என்று நினைத்தேன். வந்திருந்தால் நின்று வாங்கியிருப்பேன். அவன் என்னைத் தாண்டிப் பெரட்டுக்குப் போனான்.

என் மனைவி எனக்குக் கொடுக்க வேண்டிய சோற்றுத் தூக்கோடு எங்கள் வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அவங்க விடலன்னு நாலு மாசமா அவ மூஞ்சியப் பாத்து சொன்னவ நான்," என்றாள். "எனக்காவது சொல்லியிருக்கலாம்."

தூக்கைப் படியில் வைத்தாள். கூடையை எடுத்து மாட்டிக்கொண்டு, ஓட்டமும் நடையுமாகப் போய் அந்தப் பெண்ணோடு சேர்ந்துகொண்டாள். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பெண் நின்று, என் மனைவியின் கூடைக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்ததைச் சரிசெய்துவிட்டாள். பிறகு ரெண்டு பேரும் மேட்டில் ஏறினார்கள். நான் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கார் நின்ற இடத்தில் நின்றிருந்தேன். ரெண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.